புல்லட்டும் அதன் பின்சக்கரமும்

நம் சங்கத்து அன்பர்களுள் மாற்றலாகி வருவோரும் போவோரும் ஆண்டு முழுவதும் உண்டு. அவர்களுடைய கட்டில், பீரோ, தையல் எந்திரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, நான் பணிபுரியும் ரயில்வே பார்சல் அலுவலகத்துக்கு மிகுதியாக வந்து சேர்வது மோட்டார் சைக்கிள்தான். பெட்ரோலை முழுவதும் வடித்து, சாக்கும் வைக்கோலும் சுற்றி, சேருமிடத்தின் பெயரை அட்டையில் எழுதிக் கட்டினால்தான் வண்டி ரயிலேறும். நடைமேடையில் அவ்வாறு தள்ளிச் செல்லப்படும் வண்டி எதுவாயினும், என் கண் முதலில் செல்வது அதன் செயினுக்குத்தான். இப்பழக்கம் எனக்கு எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. பத்தாம் வகுப்போடு நின்றவன் பொறியியல் பேசலாமா என்று அன்பர்கள் வினவக்கூடும். விழுந்து எழுந்தவன் சிறிது பேசலாம் என்றே கருதுகிறேன்.

என்னிடம் உள்ளது 1998-ஆம் ஆண்டில் தயாரான புல்லட் 350. என் தந்தையார் ஓட்டியது. அவர் ஓய்வு பெற்றபின் சென்னை சென்ட்ரலிலிருந்து நாகபுரிக்குப் பார்சலாக வந்தது. இவ்வண்டியின் வரலாற்றை இரண்டொரு வரிகளில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1949-இல் இந்தப் புல்லட் வெளிவந்தபோது, அதன் பின்சக்கரம் ‘ஸ்விங் ஆர்ம்’ என்னும் ஊசலாடும் கையில் பொருத்தப்பட்டிருந்தது. அந்நாளில் பல வண்டிகளின் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தது. சாலையின் மேடுபள்ளங்களை ஓட்டுபவரின் இருக்கைக்கடியிலிருந்த சுருள்வில்தான் தாங்கிக்கொண்டது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. வடசென்னைக்காரரான என் தந்தையாருக்கு அதில் அளவற்ற பெருமை.

என் வண்டியில் கியர்பெட்டியின் பல்சக்கரத்துக்கு 16 பல், பின்சக்கரத்துக்கு 38. முன்னது ஏறத்தாழ இரண்டேகால் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் பின்னது ஒரு சுற்றுச் சுற்றும். நெடுஞ்சாலையில் எஞ்சின் மிகவும் அலறுகிறது என்று ஒரு பட்டறையில் குறைப்பட்டுக்கொண்டேன். பட்டறையின் பெயர் வேண்டாம். “பதினெட்டுப் பல் போட்டுவிடலாம்; வண்டி பறக்கும்” என்றார் அங்கிருந்தவர். பின்பக்கப் பல்சக்கரம் பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பாக இருப்பதால் அதை மாற்றுவது செலவு. முன்னதை மாற்றக் கிளட்சை முழுவதும் கழற்ற வேண்டும். வேலை கூடுதல், ஆனால் பொருள் மலிவு. நானும் தலையசைத்தேன். எஞ்சின் அதே சுற்றில் ஓடும்போது வண்டி எட்டில் ஒரு பங்கு கூடுதல் வேகம் செல்லும் என்னும் கணக்கு எனக்கு அன்றைக்கு இனிப்பாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறன்று மனைவியோடு ராம்டேக் புறப்பட்டேன். நாகபுரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; குன்றின்மேல் இராமர் கோயில். சமவெளியில் வண்டி அமைதியாகவே சென்றது. ஆனால் சிறு பள்ளத்தில் இறங்கினாலும் முதுகெலும்பில் அடிப்பது போலிருந்தது. “என்னங்க, முன்னே இப்படித் தூக்கிப் போடாதே?” என்று இருமுறை கேட்டாள். நான் சாலையைப் பழித்தேன்.

குன்றேறும் வளைவொன்றில் மூன்றாம் கியரில் எஞ்சின் திணறியது. பழைய பற்களோடு இருந்திருந்தால் இழுத்திருக்கும். வளைவின் நடுவிலேயே இரண்டாவதுக்கு மாற்றித் திருகினேன். வண்டியின் பின்பகுதி அமுங்கிற்று. முன்சக்கரம் இலேசாகி, திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாமல் வெளியோரத்துச் சரளையை நோக்கிச் சென்றது. அஞ்சித் திருகுபிடியைச் சட்டென்று மூடினேன். செயின் வெட்டி இழுத்தது, பின்பகுதி துள்ளியது, இருவரும் கீழே கிடந்தோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. தலைக்கவசம் அணிந்திருந்தோம் என்பது மட்டுமே ஆறுதல்.

வண்டியைச் சீர்செய்ய, திருநெல்வேலியைச் சேர்ந்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் சென்றேன். இப்பக்கத்துத் தமிழர் பலரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் வண்டியைத் தொடவேயில்லை. என் பையிலிருந்த பார்சல் அட்டையொன்றை வாங்கி, ஒரு குண்டூசியால் மேசையில் குத்தி, அதை ஸ்விங் ஆர்ம் ஆக்கினார். நூல் ஒன்று செயினாயிற்று. “தம்பி, செயின் சக்கரத்தைச் சுத்துறதுக்கு மட்டுந்தான்னு நினைச்சீங்களா? அது வண்டியைத் தூக்கவும் செய்யும், அமுக்கவும் செய்யும்” என்றார்.

அவர் காட்டியது இது. திருகுபிடியைத் திருகியவுடன் செயினின் மேல்பகுதி விறைத்துப் பின்சக்கரத்தை முன்னோக்கி இழுக்கிறது. அதே வேளையில் டயரின் அடியில் சாலை அச்சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. இவ்விரு விசைகளும் ஸ்விங் ஆர்மை எதிரெதிராகத் திருப்ப முயல்கின்றன. சாலையின் தள்ளல், கையின் சுழலச்சுக்கு வெகு கீழே நிகழ்வதால், சக்கரத்தைக் கீழே அழுத்தி வண்டியின் பின்பகுதியை உயர்த்தப் பார்க்கும். செயினோ சுழலச்சுக்குச் சற்று மேலே ஓடுவதால், சக்கரத்தை மேலே இழுத்துப் பின்பகுதியைத் தாழ்த்தப் பார்க்கும். வேகம் கூடுகையில் வண்டியின் பளு பின்னோக்கிச் சாய்வதும் தாழ்த்தவே செய்யும். உயர்த்துவதும் தாழ்த்துவதும் ஏறத்தாழச் சமமாகுமாறு சுழலச்சின் உயரத்தையும் பல்சக்கரங்களின் அளவையும் சேர்த்தே வடிவமைப்பாளர் தீர்மானிக்கிறார். பல்லின் எண்ணிக்கை வேகத்துக்கு மட்டும் உரியதன்று.

நான் 16-ஐ 18 ஆக்கியபோது முன் பல்சக்கரத்தின் ஆரம் 5 மில்லிமீட்டர் பெருத்தது. செயினின் மேல்பகுதி அங்கே அவ்வளவு உயர்ந்தது. சுழலச்சிலிருந்து செயின் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்குத் தாழ்த்தும் விசை கூடும். ஆகவே வளைவில் திருகியபோது பின்பகுதி முன்னைவிடச் சிறிது கூடுதலாக அமுங்கியது. திருகுபிடியை மூடியதும் அவ்விசை மறைந்து பின்பகுதி எழுந்தது. வளைவின் நடுவில் இந்த ஏற்றஇறக்கம் நிகழ்ந்தால் வண்டி எப்படி நேர்கோடு பிடிக்கும்?

எனினும் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 18 குதிரைத்திறனே உள்ள வண்டியில் இந்த விளைவு பெரிதன்று. பந்தய வண்டிகளில்தான் இது தலைபோகும் காரியம். என்னை வீழ்த்தியதில் பெரும்பங்கு செயினின் இறுக்கத்துக்கு உரியது என்பதே அண்ணாச்சியின் தீர்ப்பு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

பற்கள் கூடினால் அதே நீளச் செயினுக்குப் பின் அச்சு முன்னோக்கி வர வேண்டும். ஒரு பல்லுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர். பட்டறையில் வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, சக்கரம் தொங்கிய நிலையில், வழக்கமான ஓர் அங்குலத் தளர்ச்சி வைத்து முடுக்கிவிட்டனர். அங்கேதான் பிழை. கியர்பெட்டிப் பல்சக்கரத்தின் மையமும் ஸ்விங் ஆர்மின் சுழலச்சும் ஒரே இடத்தில் இல்லை. சுழலச்சு சற்றுப் பின்னே உள்ளது. ஆகையால் சக்கரம் ஏறி இறங்கும்போது இரு பல்சக்கரங்களின் இடைத்தொலைவு மாறுகிறது. பல்சக்கர மையம், சுழலச்சு, பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையும்போது அத்தொலைவு உச்சத்தை அடையும். ஆள் ஏற ஏறச் சக்கரம் அந்நேர்கோட்டை நோக்கியே உயர்கிறது. இடைத்தொலைவு ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுவதற்குள் அந்த ஓர் அங்குலத் தளர்ச்சி முழுவதும் மறைந்துவிடும் என்பதை அண்ணாச்சியின் நூலும் அட்டையுமே எனக்குக் காட்டின. நாங்கள் இருவரும் ஏறியமர்ந்ததும் செயின் வீணைத் தந்தி போலாகி, பின்சக்கரம் மேலெழ முடியாதபடி கட்டிப்போட்டுவிட்டது. நான் பழித்த சாலை குற்றமற்றது.

இத்தொல்லையை அடியோடு நீக்க முடியாதா என்று கேட்டேன். 1977-இல் வந்த இத்தாலியப் பிமோட்டா வண்டியொன்றில் சுழலச்சையும் பல்சக்கர மையத்தையும் ஒன்றாக்கினர். செயினின் இறுக்கம் மாறுவதேயில்லை. செலவும் சிக்கலும் மிகுதி. செயினே இல்லாமல் தண்டின் வழியே சக்கரத்தைச் சுழற்றும் பி.எம்.டபிள்யூ. வண்டிகளிலோ, திருகினால் பின்பகுதி உயர்வதே குறையாக இருந்தது. 1987-இல் அவர்கள் இரட்டைக் கீல் கொண்ட ‘பாராலீவர்’ கையை அமைத்து அதைப் பெரிதும் அடக்கினர்.

இன்னுமொரு செய்தி. நம்மவர் சிலர், சுமை ஏற்றினால் பின்பகுதி தொங்குகிறதென்று நீளமான ஷாக் அப்சார்பரை மாட்டுகின்றனர். புல்லட்டின் இரு அச்சுகளுக்கும் இடைவெளி 1370 மில்லிமீட்டர். பின்பகுதி 24 மில்லிமீட்டர் உயர்ந்தால் வண்டி முழுவதும் ஒரு பாகை முன்னே சாயும். முன்கவையும் அவ்வளவு செங்குத்தாகி, சக்கரத்தை நேரே நிறுத்தும் ‘டிரெயில்’ சுமார் 6 மில்லிமீட்டர் குறையும். திருப்புவது எளிதாகும், நேரோட்டத்தில் உறுதி குறையும். பின்பகுதி மிகவும் தாழ்ந்தால் இதற்கு நேர்மாறாக வண்டி திரும்ப மறுத்து, முன்சக்கரம் இலேசாகி நெளியும். பின்னே ஆள் ஏறும் நாளில் ஷாக் அப்சார்பரின் வில்லை இரண்டு படி கூட்டி, இறக்கிவிட்டதும் குறைத்துக்கொள்வதே நன்று. ஸ்பேனர் ஒன்றுதான் செலவு.

அண்ணாச்சி மீண்டும் 16 பல்லையே மாட்டினார். செயின் முடுக்குவதை மட்டும் என்னிடம் விட்டார். அதற்கு வழக்கமாக அமரும் ஆளையே அமர்த்தி அளக்க வேண்டும் என்றார். மாவுக்கட்டுப் பிரித்து இரண்டு மாதமாகியும் என் மனைவி வண்டியருகே வரவில்லை. “ஓட்ட வேண்டாம், உட்கார்ந்தால் போதும்” என்று கெஞ்சி அழைத்து வந்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில், முன் இருக்கையில் அண்டைவீட்டு மராட்டிய நண்பரும் பின்னே அவளும் அமர, நான் தரையில் படுத்து, அளவுகோலைச் செயினின் நடுவில் வைத்து, அச்சின் இருபுறத்து நத்தைவில்லைகளையும் ஒரே எண்ணுக்குத் திருப்பினேன். தெருப்பிள்ளைகள் கூடிவிட்டனர். சக்கரத்தைக் கால்பங்கு உருட்டி மறுபடி அளந்தேன். ஏனெனில் தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாயிராது. நான்காம் முறை அளக்கையில், “இன்னும் எவ்வளவு நேரம்? அடுப்பில் பருப்பு இருக்கிறது” என்றாள். இன்னும் ஐந்து நிமிடம் என்றேன். இறங்காமல் அமர்ந்திருந்தாள்.