பத்தமடைப் பாயும் சந்தை விற்பனையும்

பத்தமடைப் பாய் என்பது திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் கோரைப்புல்லையும் பருத்தி அல்லது பட்டு நூலையும் கொண்டு கையால் நெய்யப்படும் பாய் ஆகும். தாமிரபரணிக் கரையில், சேரன்மகாதேவிக்கு அருகில், கன்னடியன் கால்வாய்ப் பாசனப் பகுதியில் உள்ள சிறிய பேரூர் பத்தமடை. ரிஷிகேசத்தில் ஆசிரமம் நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊரும் இதுவே. ஆயினும் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்தில் பத்தமடை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பாய்தான். இதை நெய்வோரில் பெரும்பாலோர் லப்பை முசுலிம் குடும்பத்துப் பெண்கள். தறி இருப்பது வீட்டுக்குள்ளேதான். தனித் தொழிற்கூடம் என்று பெரும்பாலும் இல்லை.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனபோது பத்தமடை திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்துவிட்டது. எனினும் அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் போகும் சாலையை நினைத்தால், பாய்க்கும் குற்றாலச் சந்தைக்கும் உள்ள உறவு எளிதில் விளங்கும். இக்கட்டுரை பாய் எப்படி உருவாகிறது என்பதையும், அது சந்தையிலும் கண்காட்சியிலும் எப்படி விலைபோகிறது (அல்லது விலைபோகாமல் இருக்கிறது) என்பதையும் விளக்குகிறது.

கோரை

கோரை ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரநிலத்தில் வளரும் தாவரம். புல் என்று அழைத்தாலும் தாவரவியலார் இதைப் புற்குடும்பத்தில் சேர்ப்பதில்லை. நெற்பயிர் புற்குடும்பம், கோரை சைப்பரேசியே என்னும் தனிக் குடும்பம். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். நெல்லின் தாள் உருண்டை, உள்ளே வெற்றிடம், இடையிடையே கணு. கோரையின் தண்டு முக்கோண வடிவில் இருக்கும், கணு இராது, உள்ளே பஞ்சு போன்ற சோறு நிறைந்திருக்கும். கணு இல்லாததால்தான் அடியிலிருந்து நுனி வரை தடையின்றிக் கீற முடிகிறது. பாய்த் தொழிலே இந்த ஒரு இயல்பின் மேல் நிற்கிறது எனலாம்.

கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுப்பார்கள். முற்றிக் காய்ந்தால் தண்டு முறியும். அறுத்த தண்டை நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, வெளித்தோலை மட்டும் எடுத்து வெயிலில் உலர்த்துவர். சாதாரணப் பாய்க்கு இந்தப் பக்குவம் போதும்.

பட்டுப்பாய்க்கு இது தொடக்கம் மட்டுமே. உலர்ந்த கோரையைக் கட்டுகளாகக் கட்டி, ஓடும் நீரில் சில நாட்கள் ஊறப்போடுவர். நீரை உறிஞ்சி அது பருமனாகும். இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் பொருள் தளரும். தேங்காய் மட்டையை ஊறவைத்துக் கயிற்றுநார் எடுப்பதும், சணலை ஊறவைத்து உரிப்பதும் இதே முறையில்தான். தேங்கிய நீரில் ஊறினால் நிறம் கறுத்து நாற்றம் பிடிக்கும். ஓடும் நீர் அழுக்கை அடித்துச் சென்றுவிடும். எனவே வாய்க்காலில் நீர் ஓடாத காலத்தில் நல்ல பாய்க்கான கோரையைப் பதப்படுத்துவது கடினம். பாயின் தரம் தறியில் தொடங்குவதில்லை, ஆற்றிலேயே தொடங்கிவிடுகிறது.

ஊறிய கோரையை மீண்டும் உலர்த்தி, இன்னும் மெல்லிய இழைகளாகக் கீறுவர். கீறுவது கத்தியின் வேலை என்று தோன்றும். உண்மையில் அது விரல்நுனியின் வேலை. இழைகள் ஒரே கனத்தில் வராவிட்டால் நெய்த பாயில் மேடும் பள்ளமும் தட்டும்.

சாயம்

பழைய பாய்களின் சிவப்பு, பதிமுகம் எனப்படும் சப்பங்கக் கட்டையை வேகவைத்து எடுத்தது. இன்று பெரும்பாலும் வேதிச்சாயங்கள். சிவப்பு, கறுப்பு, பச்சை ஆகியவை வழக்கமான நிறங்கள். சாயமேறாத கோரையின் வெளிர்மஞ்சள்தான் பாயின் அடிநிறம். சாயம் தோய்ப்பது இழைக்கே, நெய்த பாய்க்கு அல்ல. வாங்குவோர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. கீழே மீண்டும் வரும்.

நெசவு

தறி தரைமட்டத்தில் இருக்கும். தரையில் முளைகள் அடித்து, இரு மூங்கில்களுக்கு இடையே பாவு நூலை இழுத்துக் கட்டுவர். துணிநெசவில் பாவு, ஊடை இரண்டும் நூலே. பாயில் பாவு நூல்; ஊடை கோரை. பாவு நூல்கள் துளைகளுள்ள ஓர் அச்சின் வழியே செல்லும். அச்சை ஒருபுறம் சாய்த்தால் நூல்களில் பாதி மேலேறும், மறுபுறம் சாய்த்தால் மீதிப் பாதி. அந்த இடைவெளியில் கோரை இழையைக் குச்சியால் ஒவ்வொன்றாகச் செலுத்தி, அச்சால் தட்டி நெருக்குவர். துணித்தறியில் நாடா ஓடுவதுபோல் இங்கு ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. கோரை ஒரு தண்டு நீளமே உள்ளது. தொடர்ந்து வரும் நூல் அல்ல. ஆகவே ஒவ்வோர் இழையும் ஒரு தனிச் செயல்.

பாயின் நுட்பத்தை பாவு நூல்களின் நெருக்கத்தைக் கொண்டு 'கவுண்ட்' என்ற கணக்கில் சொல்வார்கள். நயமான பாய்கள் 100 முதல் 140 கவுண்ட் வரை செல்லும். நூல் நெருங்கினால் கோரையும் மெலிய வேண்டும். கோரை மெலிந்தால் ஓர் அங்குலத்துக்குப் போகும் இழைகளின் எண்ணிக்கை கூடும். வேலை நாட்கள் பெருகும். சாதாரணப் பாய் சில நாட்களில் முடியும்போது, பட்டுப்பாய்க்குப் பல வாரங்கள் ஆவது இதனால்தான். அப்படி நெய்த பாய் துணியைப்போல் மடிந்து சிறு பெட்டிக்குள் அடங்கும்.

நெல்லைச் சீமைத் திருமணங்களில் மணமக்களின் பெயரும் திருமண நாளும் நெய்த பாயைச் சீராகக் கொடுப்பது வழக்கம். எழுத்து நெய்வது கோலம் நெய்வதைவிடக் கடினம். 'ஞ', 'ஐ' போன்ற வளைவுள்ள எழுத்தை நேர்கோட்டு இழைகளால் படிப்படியாகக் கட்ட வேண்டும். கட்டத்தாளில் எழுத்து வரைந்து பார்க்கும் மாணவருக்கு இதன் சிக்கல் புரியும். 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்குப் பத்தமடைப் பாய் பரிசாகச் சென்றது என்பதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வர்.

ஃபெல்ட் பற்றி ஒரு சொல்

கைவினை என்று இணையத்தில் தேடும் மாணவர்கள் ஃபெல்ட் பொம்மை, ஃபெல்ட் பூ ஆகியவற்றையே முதலில் காண்கிறார்கள். ஃபெல்ட் என்பது நெய்யாத கம்பளித் துணி. ஆட்டுமயிரின் மேற்பரப்பில் மீன்செதில் போன்ற நுண்செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்க்கும்போது இவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடுகின்றன. காசுமீரத்தின் நம்தா விரிப்பு இவ்வாறு செய்யப்படுவதே. குளிர்நாட்டுக்கு அது இயல்பு. நம் கடைகளில் வண்ணவண்ணமாகக் கிடைக்கும் ஃபெல்ட் தாள் பெரும்பாலும் பாலியெஸ்டர். அதை வெட்டி ஒட்டிப் பழகுவதில் தவறில்லை. ஆனால் சந்தையில் விற்கக் கைவினை செய்ய விரும்பும் தென்காசிப் பிள்ளைகள், ஆலையிலிருந்து வரும் அந்தத் தாளைத் தேடுவதற்குமுன் வாய்க்கால் ஓரத்தில் விளையும் கோரையைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பள்ளியில் தக்ளியில் நூல் நூற்ற தலைமுறையைச் சேர்ந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

குற்றாலத்தில் விற்பது

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சீசன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய இடங்களில் கூட்டம் நெருக்கும். இக்காலத்தில் அரசு நடத்தும் சாரல் விழாவில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொருட்களுக்கும் இடம் கிடைக்கிறது. குற்றாலநாதர் கோயிலின் சித்திரை விசு, ஐப்பசி விசுத் திருவிழாக்களும், சங்கரன்கோவில் ஆடித் தபசும் கடை போடுவோருக்கு உரிய நாட்கள்.

ஆனால் கூட்டம் வேறு, விற்பனை வேறு. குற்றாலத்துக்கு வருபவர் குளிக்க வருகிறார். கையில் ஈரத் துணி, தோளில் பிள்ளை, பேருந்துக்கு நேரமாகிறது. சிப்ஸ், பழம், எண்ணெய், துண்டு இவற்றை நின்றபடி வாங்கிவிடலாம். ஆறடிப் பாயை அப்படி வாங்க இயலாது. எனவே கடைகளில் கைப்பை, பணப்பை, கோப்பு உறை, சாப்பாட்டு மேசை விரிப்பு என்று பாயை வெட்டித் தைத்த சிறு பொருட்கள் முன்னால் வந்துவிட்டன. விலை சிறிது, பையில் அடங்கும், ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் உதவும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கைப்பைக்கு நயமான பாய் வேண்டியதில்லை. நடுத்தரப் பாயே தைக்கத் தாங்கும். சிறு பொருட்கள் நன்றாக விற்க விற்க, நெசவாளி நடுத்தரப் பாயே நெய்வார். வருமானம் வருகிறது, ஆனால் 120 கவுண்ட் நெய்யும் கை பழக்கம் இழக்கிறது. மகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பும் அதோடு போகிறது. சிறு பொருள் வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை, அடுப்பெரிய வேண்டுமே. எனினும் பைகள் நிறைய விற்பதைக் கண்டு 'பத்தமடைக் கலை செழிக்கிறது' என்று எழுதுவது பாதி உண்மைதான்.

விலை

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நயமான பாய்க்குக் கோரை பதப்படுத்துவது முதல் முடிவு வரை 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். நாள் கூலி 300 ரூபாய் என்றால் கூலி மட்டும் 7,500. கோரை, நூல், சாயத்துக்கு 800. ஆக 8,300 ரூபாய். இதில் கடை வாடகை, போக்குவரத்து, விற்காமல் திரும்பும் பாயின் நட்டம் எதுவும் சேரவில்லை. இதையே 6,000 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கினால், பொருட்செலவு போக நெசவாளிக்குக் கிடைப்பது 5,200. நாளொன்றுக்கு 208 ரூபாய். வாங்குபவர் தள்ளுபடி கிடைத்தது என்று மகிழ்வார். குறைந்தது கோரையின் விலையும் அல்ல, நூலின் விலையும் அல்ல. ஒரு பெண்ணின் கூலி. வீட்டிலேயே நெய்வதால் அந்த உழைப்பைக் 'சும்மா இருக்கும் நேரம்' என்று கணக்கில் விடுவதும் உண்டு. விலை வைக்கும்போது நாட்களை முதலில் எழுத வேண்டும். பொருட்செலவை அதன்பின் சேர்க்க வேண்டும். மாணவர் தாம் செய்த கைவினையைப் பள்ளிக் கண்காட்சியில் விற்றாலும் முறை இதுவே.

பேரத்தைக் குறைக்க வாயால் விளக்குவதைவிடக் கண்ணால் காட்டுவது மேல். கடை மேசையில் ஒரு பிடி கீறாத கோரை, ஒரு பிடி கீறிய இழை, பாதி நெய்த ஒரு துண்டு, ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி வைத்தால் போதும். சாதாரணப் பாயையும் பட்டுப்பாயையும் பக்கத்தில் பக்கத்தில் தொட்டுப் பார்த்தவர் விலையைக் கேட்டு முகம் சுளிப்பது குறைவு.

நயமான பாய்க்கு ஏற்ற இடம் அருவிக்கரை அல்ல என்றே தோன்றுகிறது. ஊரக வளர்ச்சித் துறையின் சரஸ் கண்காட்சிகள், 1987 முதல் அரியானாவில் நடக்கும் சூரஜ்குண்ட் மேளா, தில்லி ஹாட், பூம்புகார் விற்பனை நிலையங்கள் ஆகியவற்றுக்கு வருபவர்கள் கைவினை வாங்கவே வருகிறார்கள். குற்றாலக் கடையில் பையை விற்று, பட்டுப்பாய்க்கும் திருமணப் பாய்க்கும் முன்பதிவு வாங்குவது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. பெயர் நெய்த பாயைக் கையிருப்பு வைக்கவே முடியாது. எனவே முன்பணம் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

புவிசார் குறியீடும் போலியும்

பத்தமடைப் பாய் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. இதற்கு அடிப்படை 1999ஆம் ஆண்டுச் சட்டம். பதிவகம் சென்னையில் உள்ளது. குறியீடு பெயரைக் காக்கிறது, விலையைக் காப்பதில்லை. மேலும், ஊரில் நெய்கிறார் என்பதாலேயே ஒருவர் குறியீட்டு முத்திரையை ஒட்டிவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். பலர் கவனிக்காமல் விடும் படி இது.

போட்டி இருபுறம். ஒன்று, முசிறி, கரூர் வட்டாரங்களில் விசைத்தறியில் நெய்யும் கோரைப்பாய். அது போலி அல்ல, வேறு பொருள்; ஆனால் பத்தமடைப் பெயரில் விற்றால் தவறு. மற்றொன்று பிளாசுடிக் பாய். கோலம் அச்சிட்ட பாயைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் நிறம் இராது அல்லது மங்கியிருக்கும். சாயமிட்ட இழையால் நெய்த பாயில் நிறம் இருபுறமும் இருக்கும். சாயம் இழைக்கே என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பராமரிப்பு

கோரைக்கு ஈரம் பகை. சாரல் காலத்தில் கடை போடுபவர் பாயை நேரே தரையில் வைக்காமல் பலகை மீது வைக்க வேண்டும். இரவில் பிளாசுடிக் உறையில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றுவது நல்லது. நனைந்துவிட்டால் உடனே விரித்து நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். கடும் வெயில் சாயத்தை வெளுக்கச் செய்து இழையை முறிய வைக்கும். வீட்டில் வைப்பவர்கள் சாதாரணப் பாயை மடிக்காமல் சுருட்டி நிறுத்தி வைப்பார்கள். பட்டுப்பாயை மடிக்கலாம், ஒரே மடிப்பில் நெடுநாள் கிடக்கவிடாமல் அவ்வப்போது பிரித்து வேறு இடத்தில் மடித்து வைத்தால் போதும்.