காளையார்கோவில் கண்டோம்

எங்கள் விவேக் நகரில் வியாழக்கிழமை வந்துவிட்டால் குழந்தை இயேசு ஆலயத்தில் கூட்டம் அலைமோதும். மத வேறுபாடு பாராமல் பலரும் வந்து வேண்டிக்கொள்வார்கள். வேண்டுதல் எதுவும் இல்லாமல், நன்றி சொல்வதற்கென்றே போகவேண்டிய கோவில் ஒன்று சிவகங்கைச் சீமையில் இருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தியை அங்கே அழைத்துச் சென்றேன்.

மதுரை வரை ரயில்; அங்கிருந்து பேருந்தில் சிவகங்கை வழியாகக் காளையார்கோவில். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். ஒரே கோவிலுக்குள் மூன்று சிவன் சந்நிதிகள். 1772-ல் ஆங்கிலேயரும் ஆற்காட்டு நவாபின் படையும் சேர்ந்து தாக்கியபோது, மன்னர் முத்துவடுகநாதர் உயிர்நீத்தது இந்த ஊரில்தான். அவர் மனைவி வேலுநாச்சியார் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் தங்கிப் படை திரட்டினார். அவருக்குக் கைகொடுத்தவர் மைசூர் ஹைதர் அலி. 1780-ல் சிவகங்கை மீட்கப்பட்டது.

"தாத்தா, அப்போ இவங்க கித்தூர் சென்னம்மாவுக்கும் முன்னாடியா?" என்றாள் பேத்தி. ஆம், சென்னம்மா போரிட்டது 1824-ல். அவரைப் பள்ளியில் படித்திருக்கிறாள். வேலுநாச்சியார் பெயரை அன்றுதான் கேட்கிறாள். குறை பள்ளிக்கூடத்தின் மேல் இல்லை. வீட்டில் ஒரு நாளும் சொல்லாத என் மேல்தான்.

ஒன்பது நிலை ராஜகோபுரம் மருது சகோதரர்கள் எழுப்பியது. மானாமதுரையிலிருந்து மக்கள் வரிசையாக நின்று செங்கற்களைக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. ரயில்வேயில் ஆள் வைத்து வேலை வாங்கியவன் நான். கூலிக்கு மட்டும் அப்படி ஒரு வரிசை நிற்காது.

1801 ஜூன் 16-ல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியினரும் ஒன்றுகூடி வெள்ளையரை எதிர்க்க அது அழைத்தது. அக்டோபர் 24-ல் சகோதரர்கள் இருவரும் அதே சீமையின் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சரணடையாவிட்டால் கோபுரத்தைத் தகர்ப்போம் என்று வெள்ளையர் மிரட்டியதாகவும், அதைக் காக்கவே இருவரும் உயிரைக் கொடுத்ததாகவும் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். கோவிலுக்கு எதிரே அவர்களின் நினைவிடம் இருக்கிறது. அங்கே பேத்தி சொல்லாமலே செருப்பைக் கழற்றினாள்.

திரும்பும் ரயிலில், "ஹைதர் அலி நம்ம ராணிக்கு உதவி செஞ்சதை என் கன்னட ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொல்லணும், தாத்தா" என்றாள்.

ஊருக்குப் போகும் அன்பர்களே, உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு நடுவே ஒரு நாளை இதற்காக ஒதுக்குங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.