ஒன்பது மரங்களும் ஓர் இசைவிழாவும்

பாட்டுக் கேட்பதற்காக நான்கு நாட்கள் வெட்டவெளியில் கூடாரம் அடித்துத் தங்கினேன் என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். “கூடாரத்துக்குள்ள கிடந்தது இன்னும் காணாதோ?” என்றுதான் கேட்பார்கள். தங்கச்சி இந்தக் கதையை எடுத்தபோது நானும் அவளிடம் அதைத்தான் கேட்டேன்.

தங்கச்சி 2003 ஆம் ஆண்டு, பாதை திறந்திருந்த சமாதான காலத்தில், கலியாணம் முடித்து டென்மார்க் போனவள். நான் வன்னியிலேயே இருந்துவிட்டேன். இருபது வருடங்களின் பின், 2023 இல், அவளுடைய முயற்சியால் எனக்கு மூன்று மாத விசா கிடைத்தது. மகளை மாமியிடம் விட்டுவிட்டுப் போனேன். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு சமையல், பிள்ளைகளின் படிப்பு, ஊர்ப் புதினம் என்று எல்லாம் கதைத்தோம். தம்பியைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை.

எங்களுக்குத் தம்பி ஒருவன்தான். பாடசாலையில் மிருதங்கம் பழகியவன். சோற்றுக் கோப்பையிலும் தாளம் போடுவான், அம்மாவிடம் ஏச்சு வாங்குவான். 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலத்தை நோக்கிச் சனம் நெருக்கியடித்துக்கொண்டு போனபோது என் ஒரு கையில் இரண்டு வயது மகள், மற்றக் கையில் அவன். எந்த இடத்தில் அவனுடைய கை என் கையிலிருந்து போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தபோது முதன்முதலாகத் தங்கச்சியோடு தொலைபேசியில் கதைக்கக் கிடைத்தது. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “ஏனக்கா அவன்ர கையை விட்டனீங்கள்?” பிறகு ஒருநாளும் அவள் அதைக் கேட்கவில்லை. நானும் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தமும் அதோடு நின்றுபோனது.

வெங்காயம் உரித்தால் நுழைவு இலவசம்

கொப்பன்ஹேகனிலிருந்து மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தூரத்தில் றொஸ்கில்ட என்ற பழைய நகரம் இருக்கிறது. டென்மார்க்கின் அரசர்களையும் அரசிகளையும் அடக்கம் செய்த பேராலயம் அங்கேதான் உள்ளது. 1971 இல் உயர்தர வகுப்பு மாணவர்கள் இருவரின் யோசனையில் தொடங்கிய கோடைகால இசைவிழா இன்று வட ஐரோப்பாவின் மிகப் பெரிய விழாக்களில் ஒன்று. எட்டு நாட்கள் நடக்கும். ஏறக்குறைய 130,000 பேர் கூடுவார்கள். அவர்களில் சுமார் 30,000 பேர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். 1972 இலிருந்து இதை நடத்துவது ஒரு பொதுநல நிதியம். மிஞ்சும் பணம் சிறுவர், இளையோர், கலை போன்ற பொது வேலைகளுக்குப் போகிறது.

காசு கொடுத்து உள்ளே போவதானால் 2,000 குரோணருக்கு மேல் வேண்டும். 32 மணித்தியாலம் வேலை செய்தால் நுழைவு இலவசம். தங்கச்சியின் மகன் விளையாடும் உதைபந்தாட்டக் கழகம் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருந்தது. அதில் வரும் வருமானம் கழகத்துக்கு. பெற்றோர் முறைவைத்து வேலை செய்தார்கள். தங்கச்சிக்கு வெங்காயம் உரிக்கும் வேலை. பார்வையாளர் விசாவில் போன எனக்கு வேலை செய்ய அனுமதியில்லை என்பதால் அவள் காசு கொடுத்தே ரிக்கற் எடுத்தாள். பெரிய மேடைகளில் இசை நடக்கும் கடைசி நான்கு நாட்களும், ஜூன் 28 தொடக்கம் ஜூலை 1 வரை, அங்கே இருந்தோம்.

இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. பெரிய மேடையின் செம்மஞ்சள் நிறக் கூரை தூரத்திலேயே தெரியும். அந்தக் கூரை 1978 இலிருந்து இந்த விழாவின் அடையாளம். அதன் முன்னால் பல்லாயிரம் இளம்பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். என் கண் போனது வேறிடத்துக்கு. வெறும் ரின்னையும் பிளாஸ்ரிக் கப்பையும் திருப்பிக் கொடுத்தால் சில்லறை கிடைக்கும். பெரிய பைகளோடு குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். பாடகர்களைப் பார்த்ததை விட அவர்களைத்தான் நான் கூடுதலான நேரம் பார்த்திருப்பேன்.

நிலம் அதிர்ந்த இரவு

அமைதியாக உறங்க விரும்புவோருக்கென ஒதுக்கிய பகுதியில்தான் எங்கள் கூடாரம். ஆனாலும் வியாழன் இரவு தூரத்து மேடையின் கனத்த ஒலி நிலத்தின் வழியாக வந்தது. காதால் கேட்பதற்கு முன்பே முதுகில் தெரிந்தது. காற்றுக்குக் கூடாரத் துணி படபடவென்று அடித்தது. நான் எழும்பியதும் தெரியாது, செருப்பை மாட்டியதும் தெரியாது. வேலை முடித்துத் தங்கச்சி வந்து பார்த்தபோது கடவுச்சீட்டும் மருந்தும் வைத்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருந்தேனாம்.

“அக்கா, இது பாட்டு. வெறும் பாட்டு” என்றாள்.

“எனக்குத் தெரியும்” என்றேன். ஆனால் செருப்பைக் கழற்ற முடியவில்லை. அவளும் சப்பாத்தைக் கழற்றாமல் என் பக்கத்தில் குந்தினாள். அவளுடைய கையில் வெங்காய மணம். விடியும்வரை அப்படியே இருந்தோம்.

ஒன்பது மரங்கள்

அடுத்த நாள் ஜூன் 30. விழா நடக்கும் நிலத்தின் ஒரு பக்கத்தில் வட்டமாக ஒன்பது மரங்கள், நடுவில் ஒரு கல். யாரோ பூ வைத்திருந்தார்கள். கழகத்தில் தங்கச்சியோடு வேலை செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்களைக் கூட்டிப்போனார். அவர் பல வருடங்கள் இந்த விழாவில் பாதுகாப்புத் தொண்டராக நின்றவர். அவர் டெனிஷ் மொழியில் சொல்லச் சொல்லத் தங்கச்சி எனக்குத் தமிழில் சொன்னாள்.

2000 ஆம் ஆண்டு இதே ஜூன் 30 இரவு, பேர்ள் ஜாம் என்ற அமெரிக்க இசைக்குழு பாடிக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் கூட்டம் நெருக்கியது. மழையில் நிலம் வழுக்கியது. விழுந்தவர்கள் எழும்ப முடியவில்லை. குழுவினர் பாட்டை நிறுத்திப் பின்னுக்குப் போகும்படி மன்றாடினார்கள். ஒன்பது இளைஞர்கள் இறந்துபோனார்கள். எல்லோரும் 17 இலிருந்து 26 வயதுக்குள். டென்மார்க், சுவீடன், ஜேர்மனி, நெதர்லாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பிள்ளைகள்.

அதன் பிறகு மேடைக்கு முன்னுள்ள இடத்தைத் தடுப்புக் கம்பிகளால் பிரித்து, அளவான ஆட்களை மட்டும் உள்ளே விடுகிறார்கள். கம்பியருகே தொண்டர்கள் தண்ணீர் கொடுத்துக்கொண்டு முகங்களையே பார்த்திருப்பார்கள்.

“பிடித்துக்கொண்டிருந்தால் தப்பியிருக்க மாட்டார்களா?” என்று நான் கேட்டேன். தங்கச்சி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதை மொழிபெயர்த்தாள்.

ஆசிரியை தலையாட்டினார். ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஆறேழு பேர் நெருங்கிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் தன் விருப்பப்படி நடப்பதில்லை, கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கத் தொடங்கும், கால் நிலத்தில் படாமலே ஆள் இழுபட்டுப் போவார், எவ்வளவு பலமுள்ளவராலும் பக்கத்தில் நிற்பவரைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்றார். தங்கச்சி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். “பிடிச்சு வைச்சிருக்க ஏலாது” என்ற இடத்தில் அவளுடைய குரல் நின்றுவிட்டது.

ஆசிரியைக்கு என்ன விளங்கியதோ, எங்களைத் தனியே விட்டுவிட்டுப் போனார்.

“அக்கா, நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது” என்றாள் தங்கச்சி. பதினான்கு வருடங்களுக்குப் பிறகு.

“நீ கேட்காட்டிலும் நான் ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்” என்றேன். அன்று அவனைப் பற்றி வயிறாறக் கதைத்தோம். சோற்றுக் கோப்பைத் தாளத்தைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தோம்.

இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. அது விபத்து, எங்களுடையது யுத்தம். அந்த ஒன்பது பேருக்கும் என்ன நடந்தது என்று அவர்களின் தாய்மாருக்குத் தெரியும். என் தம்பியின் பெயரை எத்தனையோ இடங்களில் பதிந்தும் எனக்குப் பதில் இல்லை. தங்கச்சி ஊரில் ஒரு மரம் நடச் சொன்னாள். இறந்தவனுக்கு நடுவதுபோல் ஆகிவிடும் என்று மறுத்தேன். அவள் வற்புறுத்தவில்லை. அந்த விடயத்தில் நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் இப்போது தொலைபேசியில் அதைப் பற்றிக் கதைக்கிறோம்.

ஊருக்குத் திரும்பி

பதினாறு வயது மகள் அதற்கு முந்திய வருடம் கோயில் திருவிழாவின் இரவுக் கச்சேரிக்குப் போகக் கேட்டு அழுதவள். சனம் நெருக்கும் என்று மறித்துவிட்டேன். திரும்பி வந்த பிறகு அடுத்த திருவிழாவுக்கு நானே கூட்டிப்போனேன். கூட்டத்தின் நடுவில் நிற்கவில்லை. வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில், ஆட்கள் ஐதாக நின்ற இடத்தில் நின்றோம். தவறினால் எந்த இடத்தில் சந்திப்பது என்று முதலே சொல்லி வைத்தேன். தவில் தொடங்கியபோது எனக்கு நெஞ்சு அடித்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் தொடையில் தாளம் போட்டாள். தாய்மாமனை அவளுக்கு நினைவில்லை. அன்று இரவு வீட்டுக்கு நடந்து வரும்போது அவனைப் பற்றி முதன்முறையாக அவளுக்குச் சொன்னேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் கூடப்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி ஏதாவது இருக்கக்கூடும். அதற்கு டென்மார்க் போக வேண்டியதில்லை. ஒருவர் பக்கத்தில் ஒருவர் செருப்போடு குந்தியிருக்க ஓர் இரவு கிடைத்தாலும் போதும்.