முழங்காலும் பொறுமையும்

ஓடுகிறோம், தாவுகிறோம், முழந்தாளிடுகிறோம். இவற்றையெல்லாம் தாங்கும் முழங்காலைப் பற்றி, அது நோகும்வரை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் விலகாதபடி நான்கு தசைநார்கள் அவற்றைக் கட்டி வைத்திருக்கின்றன. பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு. மூட்டின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. சிலுவைபோல் அமைந்திருப்பதால் உள்ளே இருப்பவற்றைச் சிலுவைத் தசைநார்கள் என்பர்.

ஓடும்போது சட்டெனத் திரும்பினாலோ, தாவிக் கால் ஊன்றும்போது முழங்கால் முறுக்கிக்கொண்டாலோ, முன் சிலுவைத் தசைநார் அறுந்துபோவதுண்டு. கூடைப்பந்து, கால்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதியாக நேர்கிறது. ஆகவே இது நாம் அறிய வேண்டிய செய்தி அன்றோ? 'டப்' என்ற ஓசை, சில மணி நேரத்தில் வீக்கம், கால் நிலைகொள்ளாத உணர்வு ஆகியவை இதன் அறிகுறிகள்.

உட்பக்கத் தசைநார் மட்டும் கிழிந்தால், காப்புப் பட்டை அணிந்தே பெரும்பாலும் ஆறிவிடும். பல தசைநார்கள் ஒருங்கே அறுந்தால்தான் சிக்கல். அப்போது மூட்டு விலகி, முழங்காலின் பின்னே செல்லும் பெரிய இரத்தக்குழாய் சேதமடையக்கூடும். காலையே இழக்கவும் நேரலாம். அதனால்தான் மருத்துவர் முதலில் பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று பார்க்கிறார். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டுக் காலம் கடத்துவது ஆபத்து.

அறுந்த சிலுவைத் தசைநாரை வெறுமனே தைத்தால் பெரும்பாலும் சேர்வதில்லை. எனவே நம் தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லின் கீழிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, எலும்புகளில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள்.

வியப்பு இனிமேல்தான். பொருத்திய நாண், முதல் நாளில் இருந்ததைவிடச் சில வாரங்களில் வலுக் குறைகிறது. பிறகே உடல் அதனை மெல்ல மெல்லப் புதிய தசைநாராக மாற்றிக்கொள்கிறது. அந்த வாரங்களில்தான் வலியும் வீக்கமும் தணிந்து, 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று மனம் துள்ளும்! வலி போவது வேறு. வலு வருவது வேறு.

காலை முழுவதும் நீட்டுதல், தொடைத் தசையை வலுப்படுத்துதல், சைக்கிள் மிதித்தல், சில மாதங்கள் கழித்து நேராக ஓடுதல், கடைசியில் தாவித் திரும்புதல் என்பதே பயிற்சியின் வரிசை. ஒற்றைக் காலால் தாவும் தூரம், நல்ல காலோடு ஒப்பிட நூற்றுக்கு 90 பங்காவது இருக்க வேண்டும். 9 மாதம் நிறையுமுன் ஆடுகளம் புகுந்தால் மீண்டும் அறும் வாய்ப்பு அதிகம். பல நார்கள் அறுந்திருந்தால் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

ஸ்பெயின் நாட்டுக் கால்பந்து வீராங்கனை அலெக்சியா புட்டெயாஸுக்கு 2022 ஜூலையில், ஐரோப்பியக் கோப்பைப் போட்டி தொடங்கும் தறுவாயில், இடது முழங்காலில் இத்தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை பெற்று, ஏறத்தாழ 10 மாதங்கள் காத்திருந்து திரும்பினார். 2023 ஆகஸ்டில் உலகக் கோப்பையை வென்ற அணியில் அவரும் ஒருவர்!

தோழியரே, அணியில் இடம் போய்விடுமே என்று வீக்கத்தை மறைக்க வேண்டாம். பெற்றோரே, "இனி உனக்கு விளையாட்டு எதற்கு?" என்று கேட்டுவிட வேண்டாம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. பொறுத்தார் ஆடுகளமும் ஆள்வார்!