ஓடுபாதை தெரிந்தும் விமானம் ஏன் மேலேறுகிறது?

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் பகலெல்லாம் வெயில் காயும். மாலையில் வானம் கறுத்து இடிமழை கொட்டும். அப்போது தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா விமான நிலையத்தில் இறங்க வேண்டிய சில விமானங்கள் சென்னைக்குத் திருப்பிவிடப்படுகின்றன. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் சில விமானங்கள் இறங்காமல் மேலேறிவிடுவது உண்டு. ஏன்?

மழையையும் மின்னலையும்விட அஞ்ச வேண்டியது காற்றுக்குத்தான். இடிமேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து, கனத்து, கீழே பாய்கிறது. குழாய்த் தண்ணீர் தரையில் மோதித் தெறிப்பதுபோல நாலாபுறமும் விரிகிறது. அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று கிடைக்கும், தூக்குவிசை கூடும். இன்ஜின் விசையைக் குறைக்கலாம் என்று விமானிக்குத் தோன்றும். ஆபத்து அங்கேதான். சில நொடிகளில் கீழ்நோக்கி அழுத்தும் காற்று, அடுத்து பின்காற்று. தூக்குவிசை சட்டென்று சரியும். மீண்டெழ உயரம் இருக்காது. 1985 ஆகஸ்டில் அமெரிக்காவின் டல்லஸில் டெல்டா 191 விமானம் இப்படித்தான் விழுந்தது. 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இன்று பல பயணிகள் விமானங்களின் மூக்குப் பகுதியில் உள்ள டாப்ளர் ரேடார், மழைத்துளிகள் நகரும் வேகத்தை அளந்து, முன்னால் காற்று திடீரென மாறுவதைச் சொல்லிவிடுகிறது. தரையிறங்கும்போது எச்சரிக்கை ஒலித்தால் விமானி முழு விசை கொடுத்து மேலேற வேண்டும். தாமதத்தால் பயணிகள் சலித்துக்கொள்வது இயல்புதான். ஆனாலும் அந்த நொடியில் எடுக்கக்கூடிய மிகச் சரியான முடிவு அதுவே. காத்திருக்கவும் மாற்று நிலையத்துக்குப் போகவும் தேவையான எரிபொருளைக் கணக்கிட்டு ஏற்றிய பிறகே விமானம் புறப்பட்டிருக்கும்.