தாத்தா முதல் பேத்தி வரை... ஒரே திரையில் பார்க்க 6 அனிமேஷன் தொடர்கள்!

இரவு பத்து மணிக்கு மேல் மீஞ்சூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலர் இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட், அத்திப்பட்டு அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளி துறைமுகம் என்று வேலை எங்கே இருந்தாலும் வீட்டு நிலவரம் ஒன்றுதான். அப்பா வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வார விடுமுறை வர வேண்டும்.

அந்த ஒரு நாளும் எப்படிப் போகிறது? அப்பா கையில் ஒரு போன், அம்மா கையில் ஒரு போன், பாட்டிக்கு சீரியல், பிள்ளைக்கு யூடியூப். நான்கு பேர், நான்கு திரை.

எல்லோரும் சேர்ந்து ஒன்றைப் பார்க்கலாம் என்றால், அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் சண்டை வந்துவிடும். சினிமா இரண்டரை மணி நேரம். சீரியலை நடுவில் பார்த்தால் புரியாது. இதற்கு நல்ல தீர்வு அனிமேஷன் தொடர்கள். ஒரு எபிசோடு 7 நிமிடம், மிஞ்சினால் 25 நிமிடம். சாப்பாட்டுத் தட்டு காலியாவதற்குள் ஒரு கதை முடிந்துவிடும்.

‘கார்ட்டூன் எல்லாம் சின்னப் பசங்க பார்க்கிறது’ என்கிறீர்களா? 2007-ல் சுட்டி டிவி வந்தபோது நம் வீடுகளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்காகப் போட்ட ஜாக்கி சானை, பேப்பர் படிப்பதுபோல பாவனை செய்துகொண்டு தாத்தாவும்தான் பார்த்தார்!

சிறியவர்களுக்குப் புரிந்து, பெரியவர்களுக்கும் சலிக்காத 6 தொடர்கள் இங்கே. வீட்டின் மிகச் சின்ன ரசிகரில் தொடங்கி வரிசையாகப் போவோம்.

1. ஷான் த ஷீப்

இங்கிலாந்தின் ஆர்ட்மன் நிறுவனம் 2007-ல் தொடங்கிய களிமண் பொம்மைத் தொடர். ஒரு பண்ணை, ஒரு மந்தை, கண்ணாடி போட்ட ஒரு விவசாயி, பாவப்பட்ட ஒரு காவல் நாய். மந்தையிலேயே புத்திசாலியான ஷான் என்ற ஆடு செய்யும் சேட்டைதான் ஒவ்வொரு கதையும்.

இதில் வசனமே கிடையாது. விவசாயிகூட முணுமுணுப்பார், அவ்வளவுதான். சப்டைட்டில் படிக்கத் தெரியாத பாட்டியும், பேச்சு வராத பேரனும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று பல மொழிக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் வாழும் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான தொடர் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். தொடரின் அதிகாரபூர்வ யூடியூப் சேனலிலேயே நிறைய எபிசோடுகள் இருக்கின்றன.

2. ப்ளூயி

2018-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து வந்த தொடர். ஒரு நாய்க் குடும்பம்: அப்பா பாண்டிட், அம்மா சில்லி, மகள்கள் ப்ளூயி, பிங்கோ. மந்திரம் இல்லை, வில்லன் இல்லை. வீட்டுக்குள் விளையாடும் விளையாட்டுதான் கதை. பலூன் தரையில் படாமல் தட்டிக்கொண்டே இருப்பது மட்டுமே ஒரு முழு எபிசோடு!

பிள்ளைகள் விளையாட்டைப் பார்ப்பார்கள். பெற்றோர் தங்களையே பார்ப்பார்கள். களைத்துப்போய்ப் படுத்திருக்கும் அப்பாவை எழுப்பி விளையாடக் கூப்பிடும் காட்சிகள், ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களைக் கொஞ்சம் சுடும். ‘கிராண்ட்டாட்’ என்ற எபிசோடைத் தவறவிடாதீர்கள். ஓய்வெடுக்கச் சொன்னால் கேட்காத தாத்தா, அவரை நினைத்துத் தவிக்கும் மகள். கடைசியில் இருவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து பழைய நாளை நினைத்துக்கொள்கிறார்கள். ஏழே நிமிடக் கதை. முடிந்ததும் ஊரில் இருக்கும் அப்பாவுக்கு போன் போடத் தோன்றும்.

3. மீனா

இது நம் பக்கத்துக் கதை. 1990-களின் தொடக்கத்தில், தெற்காசியப் பெண் குழந்தைகளுக்காக யுனிசெஃப் உருவாக்கியது. மீனா பாத்திரத்தை வடிவமைத்தவர், இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகன்.

கிராமத்துச் சிறுமி மீனா, அவள் தம்பி ராஜு, மித்து என்ற கிளி. ஒரு கதையில் ராஜு மட்டும் பள்ளிக்குப் போகிறான், மீனாவை அனுப்பவில்லை. அவள் கிளியை வகுப்புக்கு அனுப்பி, அது கற்று வந்த கணக்கைத் தானும் கற்றுக்கொள்கிறாள். அந்தக் கணக்கால்தான் வீட்டில் கோழி திருடு போவது பிடிபடுகிறது. இன்னொரு கதையில் மாம்பழத்தின் பெரிய துண்டு தம்பிக்குப் போகிறது. ‘எனக்கு மட்டும் ஏன் சின்னது?’ என்ற கேள்வியில் தொடங்கி, இருவரும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்ளும் வரை கதை போகிறது.

படம் பழசு, இன்றைய பளபளப்பு இல்லை. ஆனால், இதைப் பார்த்த அன்று மீன் குழம்பில் நடுத்துண்டு யார் தட்டில் விழுகிறது என்பதை உங்கள் வீட்டு மகள் நிச்சயம் கவனிப்பாள்.

4. ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்

2000 முதல் 2005 வரை 5 சீசன், 95 எபிசோடு. தமிழ் டப்பிங்கால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே கொண்டாடிய தொடர். தொல்லியல் ஆய்வாளர் ஜாக்கி, சொன்ன பேச்சு கேட்காத சுட்டிப் பெண் ஜேட், பழம்பொருள் கடை நடத்தும் சிடுசிடு பெரியவர். சீன ராசி விலங்குகளின் பெயரில் 12 மந்திரத் தாயத்துகள். அவற்றைத் தேடி ஓடுவதுதான் முதல் சீசன்.

சண்டைக் காட்சிகளைத் தாண்டி இதில் ரசிக்க வேண்டியவர் டோரு. வில்லனின் அடியாளாக வரும் அந்த மலை போன்ற மனிதர், பின்னர் மனம் மாறி, அதே பெரியவரிடம் சீடராகச் சேர்ந்து திட்டு வாங்குகிறார். சிறுவயதில் இதைப் பார்த்தவர்கள் இன்று அப்பா, அம்மா. பிள்ளையோடு உட்கார்ந்து இரண்டாம் முறை பார்க்க இதுதான் நேரம்.

5. ஹெய்டி

1974-ல் ஜப்பானில் வந்த 52 எபிசோடு தொடர். இயக்கம் இசாவோ தகஹாட்டா. காட்சி அமைப்பில் உழைத்தவர் ஹயாவோ மியாசாகி. 1985-ல் இருவரும் சேர்ந்துதான் புகழ்பெற்ற ஜிப்லி ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். கதைக்களத்தைத் தெரிந்துகொள்ள இந்தக் குழு சுவிட்சர்லாந்துக்கே போய் வந்தது.

பெற்றோரை இழந்த சிறுமி ஹெய்டி, ஆல்ப்ஸ் மலையில் தனியாக வாழும் கோபக்காரத் தாத்தாவிடம் வந்து சேர்கிறாள். தாத்தா மெல்லக் கனிகிறார். அப்போது அவளை ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். பெரிய வீடு, நல்ல சாப்பாடு, கூடவே ஒரு தோழி. ஆனாலும் மலையை நினைத்து ஏங்கியே உடம்பு கெடுகிறது. வேலைக்காக ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தப் பகுதி தொண்டையை அடைக்கும். மெதுவான தொடர், ஒரு நாளைக்கு ஓர் எபிசோடு போதும்.

6. அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்

நீல மனிதர்கள் வரும் ஹாலிவுட் படம் வேறு, இது வேறு. 2005 முதல் 2008 வரை 3 சீசன், 61 எபிசோடு. நீர், நிலம், நெருப்பு, காற்று என்று நான்கு நாடுகள். நூறு ஆண்டுகளாக நடக்கும் போரை நிறுத்த வேண்டிய பொறுப்பு 12 வயது ஆங்குக்கு. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ஏற்றது.

இதில் பெரியவர்களைக் கட்டிப்போடுபவர் தேநீர்ப் பிரியரான ஐரோ. போரில் மகனைப் பறிகொடுத்த பழைய தளபதி. நாட்டைவிட்டு விரட்டப்பட்ட தம்பி மகன் ஸூகோவை, அவன் எவ்வளவு எரிந்து விழுந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். இரண்டாம் சீசனில், இறந்த மகனின் பிறந்தநாளில் மரத்தடியில் அவர் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று போதும், அனிமேஷன் குழந்தைகளுக்கு மட்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல. ஐரோவுக்குக் குரல் கொடுத்த நடிகர் மாகோ 2006-ல் மறைந்தார். அந்தப் பகுதி அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டது.

பார்ப்பதற்கு முன்...

* அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்கானது என்று நம்பி போனைக் கொடுத்துவிடாதீர்கள். ‘டெத் நோட்’, ‘ஆர்கேன்’ போன்ற அருமையான தொடர்கள் சிறுவர்களுக்கானவை அல்ல. 2021 விதிகளின்படி ஓ.டி.டி தளங்கள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வயது வகை காட்ட வேண்டும். பிளே பட்டனுக்கு முன் அதைப் பாருங்கள்.

* இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

* விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்காதீர்கள். 1997-ல் ஜப்பானில் ‘போகிமான்’ எபிசோடு ஒன்றில் வேகமாக மின்னிய ஒளியால் 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

* எந்தத் தொடர் எந்தத் தளத்தில் என்பது அடிக்கடி மாறும். பெயரைத் தேடிக் கண்டுபிடித்ததும், ஆடியோ மெனுவில் தமிழ் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இதற்குப் பெரிய டிவி வேண்டும் என்பதில்லை. ஒரு போனை சொம்பில் சாய்த்து வைத்தால்கூடப் போதும். மற்ற மூன்று போன்களும் சார்ஜில் கிடக்கட்டும். அடுத்த வாரம் அப்பாவுக்கு மறுபடி நைட் ஷிஃப்ட் வந்துவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஷானோடு தொடங்குங்கள், ஏழு நிமிடம்தான்!