மஞ்சளுக்கு எங்கே விலை அதிகம்? செல்போன் அட்டவணையில் பார்க்கலாம்

ஈரோடு மாவட்டத்தில் மஞ்சள் ஏலம் 4 இடங்களில் நடக்கிறது. ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள். ஈரோடு, கோபி கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள். நான்கின் விலையையும் நோட்டில் எழுதி வைக்கும் விவசாயிகள் பலர் உண்டு. அதையே செல்போனில் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் எழுதினால், எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுப்பது எளிது.

முதல் பத்தியில் (ஏ) தேதி. அடுத்த நான்கு பத்திகளில் (பி முதல் இ வரை) நான்கு இடங்களின் விலை. ஆறாவது பத்தியில் சமக்குறி போட்டு 'மேக்ஸ்' என்று தட்டி, அடைப்புக்குறிக்குள் அந்த வரிசையின் பி முதல் இ வரை உள்ள கட்டங்களைக் குறிப்பிடுங்கள். அன்றைய உச்ச விலை வந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான். மேலிருந்து கீழாக ஒரே பத்தியைக் கொடுத்தால், அந்த ஒரு கூடத்தின் சிறந்த நாள்தான் கிடைக்கும்; இன்று எந்த இடம் நல்லது என்பது தெரியாது.

கட்டத்தில் எண்ணை மட்டும் எழுதுங்கள். 'ரூ.13,800' என்று எழுதினால் அது எழுத்தாகிவிடும். உச்ச விலையே அதுவாக இருந்தாலும் கணக்கில் சேராது, எச்சரிக்கையும் வராது. ஏலம் இல்லாத நாளில் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால் பிறகு சராசரி பார்க்கும்போது கணக்கு கெட்டுவிடும்.

எந்த விலையை எழுதுவது? அறிவிக்கப்படும் அதிகபட்ச விலை, அன்று வந்ததில் மிகச் சிறந்த குவியலுக்குக் கிடைத்தது. உங்கள் விரலி மஞ்சளின் தரம் அதுதானா என்று யோசியுங்கள். அக்மார்க்நெட் தளத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சத்துடன் 'மோடல்' விலையும் இருக்கும். பெரும்பாலான சரக்கு விற்ற விலை அது. ஒப்பிட அதுவே பொருத்தம்.

வண்டி வாடகை, ஏற்றுகூலியைக் கழித்த பிறகே விலையை எழுதுங்கள். உதாரணமாக, பெருந்துறையில் குவிண்டால் 13,800 ரூபாய், கோபியில் 13,600 என்று வைத்துக்கொள்வோம். கோபி பக்கத்துக்காரருக்குப் பெருந்துறை செல்ல குவிண்டாலுக்கு 400, கோபிக்கு 100 செலவானால், கையில் நிற்பது 13,400, 13,500. மேக்ஸ் இப்போது கோபியைக் காட்டும்.

விரிவாக்கப் பணியாளர்கள் கவனத்துக்கு: விலைத் தொகுப்பை டேட்டாபேஸில் வைத்திருந்தால், அங்கே 'மேக்ஸ்' மேலிருந்து கீழாகத்தான் தேடும். பத்திகளுக்குக் குறுக்கே பார்க்க 'கிரேட்டஸ்ட்' வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ஓரிடத்து விலை காலியாக இருந்தாலும் விடை முழுவதும் காலியாகிவிடும். போஸ்ட்கிரஸ் காலியை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்க்கும். மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்கள் 'கோயலெஸ்' மூலம் காலிக்குப் பதில் பூஜ்யம் கொடுத்துத் தேடலாம். தேடும்போது மட்டும், பதிவில் அல்ல.